நிழல் குச்சிக்குள் போகும் நாள்

மூணாறு எஸ்டேட் லயத்தில் குடியிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கும் என் தங்கை மகள் மார்ச் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "பெரியம்மா, இன்னும் ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் கிடையாது. நான் காலையில கிளம்பினா சாயந்திரம்தான் லயத்துக்குத் திரும்புவேன். வீட்டுல மாமியார் மட்டும்தான். பெரியவ நாலாவது, சின்னவன் ஒண்ணாவது. நாள் பூரா போனைப் பாத்துக்கிட்டே கிடக்காம இருக்க என்ன பண்றது? டவுன்ல கேம்ப் நடத்துறாங்களாம். அதுக்குக் கட்டப் பணத்துக்கு எங்க போறது?"

இந்தக் கேள்வி அவளுடையது மட்டுமில்லை. சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் எத்தனையோ தமிழ் வீடுகளில் ஏப்ரல் பிறந்தால் இதே பேச்சுதான். முப்பது வருஷம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். அவளுக்கு அன்று சொன்னதையே இங்கே நிதானமாக எழுதுகிறேன். நீங்களும் ஒரு டீயோடு உட்காருங்கள்.

முதலில் சொன்னது: டைம் டேபிள் போடாதே. நான் போட்டுப் பார்த்தவள். பேரனுக்காகச் சார்ட் பேப்பரில் கோடு போட்டு, ஒன்பது மணிக்குக் கையெழுத்து, பத்துக்கு ஓவியம், பதினொன்றுக்குக் கணக்கு என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் ஓவியம் பாதியில் இருக்கும்போதே கணக்குக்கு நேரமாகிவிட்டது. வரைவதை விட்டுவிட்டு வரச் சொன்னேன், அவன் அழுதான். பிள்ளை ஒன்றில் மனசு பதிய நேரம் எடுக்கும். பதிந்த பிறகு மணியடித்து எழுப்பினால் அது பள்ளிக்கூடம்தானே தவிர லீவு ஆகாது. காலையில் வெளியே, உச்சி வெயிலில் தரையில் உட்கார்ந்து, சாயந்திரம் பெரியவர்களோடு. இந்த மூன்று மட்டும் இருந்தால் போதும். மற்றதை ஒரு கேள்வியிடம் விட்டுவிடலாம்.

போன வருஷம் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி ஒரு குச்சியிலிருந்து கிளம்பியது.

ஒரு மீட்டர் உயரத்துக்கு மூங்கில் குச்சி ஒன்றை வாசலில் நட்டோம். நேராக நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சியும் நூலும் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒத்துப்போகும்வரை பேரன் சரிசெய்தான். அதற்கே ஒரு காலை போயிற்று. பிறகு பதினொன்றே முக்காலிலிருந்து ஒரு மணிவரை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய், நிழலின் நுனியில் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு வருவான். தலையில் துண்டு, காலில் செருப்பு, இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது என் கட்டளை. பாலக்காட்டு வெயில் விளையாட்டில்லை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை ஓய்வு கொடுக்கச் சொல்லிக் கேரளத் தொழிலாளர் துறை கோடைக்குக் கோடை உத்தரவு போடுகிறது. பெரிய ஆளுக்கே அப்படியென்றால் பிள்ளைக்கு எப்படி?

கொட்டைகள் வரிசையாக நின்றதும் அவன் கண்டது என்னவென்றால், நிழல் குறுகிக் குறுகி வந்து மறுபடி நீளுகிறது. மிகக் குறுகியது பன்னிரண்டு மணிக்கில்லை, 12.25 வாக்கில். "கடிகாரம் தப்பா பாட்டி?" என்றான். கடிகாரம் சரிதான். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருக்கிறோம். அது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கான நேரம். அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. நாம் அதற்கு மேற்கே, 77 டிகிரியை ஒட்டி இருக்கிறோம். சூரியன் ஒரு டிகிரி கடக்க நாலு நிமிஷம். அங்கே உச்சிக்கு வந்த சூரியன் நம் தலைக்கு மேல் வர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. இதைப் பூமி உருண்டைப் படத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், கேட்டுவிட்டு மறந்துபோனார்கள். புளியங்கொட்டை வைத்த பிள்ளை மறக்கவில்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி அந்த மத்தியான நிழல் 11 சென்டிமீட்டர், குச்சிக்கு வடக்கே. பத்தாம் தேதி 5 சென்டிமீட்டர். சித்திரை ஒன்று, விஷு முடிந்து இரண்டு மூன்று நாளில், 17 அல்லது 18ஆம் தேதி, நிழலே கிடையாது. குச்சிக்குள் போய்விட்டது. வாசலில் நின்ற பேரனின் நிழலும் அவன் காலடிக்குள். சூரியன் நேர் உச்சி. மறுநாளிலிருந்து நிழல் தெற்குப் பக்கம் எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. மே கடைசியில் தெற்கே ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்குப் போயிற்று. மார்ச்சில் பூமத்திய ரேகையைத் தாண்டிய சூரியன் நம்மைக் கடந்து வடக்கே போய்விட்டது என்பதைப் பிள்ளை தன் வாசலில், தன் கையால் அளந்து பார்த்தான். இதே போல ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் ஒரு நாள் வரும். ஆனால் அப்போது மழை மேகமும் இருக்கும், பள்ளிக்கூடமும் இருக்கும். சித்திரை நாள்தான் லீவுக்குள் விழுகிறது. இதை நம் பக்கத்துக்குக் கிடைத்த கொடுப்பினை என்றே நினைக்கிறேன். டெல்லிப் பிள்ளைகளுக்கு இது எந்த நாளிலும் கிடைக்காது. சூரியன் கடக ரேகைக்கு மேலே ஏறுவதில்லை, டெல்லி அதற்கும் வடக்கே இருக்கிறது.

தங்கை மகள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எங்க ஊர்லயும் இதே நாள்தானா?"

இல்லை. மூணாறுக்கு இரண்டு நாள் முன்னால், 15 அல்லது 16ஆம் தேதி. மூணாறு எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. மலைமேல் இருப்பதால் அதை வடக்கு என்று நினைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், வரைபடத்தில் மேலே இருப்பதுதானே வடக்கு! கன்னியாகுமரியில் ஏப்ரல் பத்தாம் தேதி வாக்கில் நிழல் மறையும், சென்னையில் 24 வாக்கில். சூரியன் தெற்கிலிருந்து வடக்கே நடந்துபோவதை ஊர் ஊராகப் பின்தொடரலாம். இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே நாள் மத்தியானம் ஒரே நீளக் குச்சியை அளந்தால் நிழலில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் பூமியின் அளவு ஒளிந்திருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் இதைத்தான் செய்தார். சையீன் என்ற ஊரில் உச்சிச் சூரியன் கிணற்றின் அடிவரை எட்டுகிறது, அதே நாளில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுகிறது. அந்த நிழலின் கோணத்தையும் ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டார். நம் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். விடை கொஞ்சம் முன்னே பின்னே வரும். வரட்டும்.

வெயில் நேரத்துக்குத் தரை விளையாட்டு. தாயம், அஞ்சாங்கல், ஆடுபுலி எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் பல்லாங்குழி என்பேன். கட்டை வேண்டாம், மண் தரையில் பதினாலு குழி தோண்டினால் போதும். லயத்துச் சிமெண்டுத் தரையென்றால் சாக்பீஸ் வட்டம். குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது வெறுங்குழி என்றால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். குழியில் நாலு சேர்ந்தால் பசு, அது குழிக்காரருக்கு. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். மாமியாரிடம் கேட்டால் அவர்கள் ஊர் விதி வரும். அதையே வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றாவது படிக்கும் பிள்ளை முதல் வாரம் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணும். இரண்டாவது வாரம் குழியைப் பார்த்த உடனே ஐந்து, ஏழு என்று சொல்லும். மூன்றாவது வாரம் கொட்டையை எடுக்கும் முன்பே கண் மட்டும் குழி குழியாக ஓடும், கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று பார்க்கும். அந்தக் கண் ஓடும் நேரத்தில் பேசாமல் இருங்கள், அதுதான் கணக்குப் பாடம். பேரன் ஒருநாள், "பாட்டி, முதல் ஆட்டத்துல எந்தக் குழியில ஆரம்பிச்சாலும் ஒரே மாதிரிதான் ஓடுது" என்றான். எல்லாக் குழியிலும் ஐந்து இருக்கும்வரை வட்டத்தில் எந்த இடமும் ஒன்றுதானே. இத்தனை வருஷம் ஆடிய எனக்கு அது தோன்றியதில்லை.

அடுத்து நோட்டு. எல்லையோரப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது, அதை ஊர்ப்பக்கத்து எந்த கேம்ப்பும் சொல்லித் தராது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், கேரள அரசு அச்சிட்ட தமிழ்ப் பாடப்புத்தகம் படிக்கிறார்கள், பஸ் போர்டை மலையாளத்தில் எழுத்துக் கூட்டுகிறார்கள். பல பேர் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள், "ரெண்டும் கெட்டான்" என்கிறார்கள். அந்த வார்த்தை கேட்டால் எனக்குக் கோபம் வரும். இரண்டு மொழியை ஒரே தெருவில் வைத்துக் கேட்கும் காது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஒருமுறை பேரனைக் கடைக்கு அனுப்பினேன், அரைக் கிலோ சர்க்கரை வாங்கிவரச் சொல்லி. வெல்லத்தோடு வந்து நின்றான். கடைக்காரர் மலையாளி. மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம், நம் சர்க்கரைக்கு அவர்கள் பஞ்சசார என்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் சர்க்கரையும் வெல்லம்தான். அன்றைக்கு அவனிடம் ஒரு நோட்டுக் கொடுத்தேன். ஒரே ஒலி, வேறு பொருள். அந்த மாதிரி சொற்களை மட்டும் பிடித்து எழுத வேண்டும். அவசரம் என்றால் நமக்கு வேகம், அவர்களுக்கு வாய்ப்பு. சம்சாரம் நமக்கு மனைவி, அவர்களுக்குப் பேச்சு. கொண்டாட்டம் நமக்குத் திருவிழா, பாலக்காட்டுச் சமையலறையில் அது வெயிலில் காயப்போட்ட வத்தல். மாடியில் பாகற்காய்க் கொண்டாட்டம் காய்ந்துகொண்டிருக்க, காக்கைக்குக் காவல் உட்கார்ந்தபடியே அதை எழுதினான். பிடித்த ஒவ்வொரு சொல்லையும் யார் வாயிலிருந்து, எந்த இடத்தில் கேட்டது என்றும் குறிக்கச் சொன்னேன். ஆட்டோக்காரர், ரேஷன் கடை, கோயில் பூசாரி, பக்கத்து வீட்டு சேச்சி என்று ஊர் முழுக்க அவனுக்கு ஆசிரியர்களாகிவிட்டார்கள்.

வெள்ளம் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். நமக்கு அது ஊரை அடித்துக்கொண்டு போவது, மலையாளத்தில் குடிக்கிற தண்ணீர். மூணாறில் அந்தச் சொல் பிள்ளையை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகும். வயசானவர்கள் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம். அதற்கு முன்னால் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலை உச்சிவரை போகும். அந்த வெள்ளம் தண்டவாளத்தை வாரிக்கொண்டு போன பிறகு மறுபடி போடவேயில்லை. உச்சியில் இருந்த நிலையத்தின் பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது, டாப் ஸ்டேஷன்.

"டாப் ஸ்டேஷன்னு பேரு, ஆனா ஸ்டேஷன் எங்க இருக்குன்னு சின்னவன் கேட்டான் பெரியம்மா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல" என்றாள் தங்கை மகள்.

அந்தக் கேள்வியை மாமியாரிடம் அனுப்பு என்றேன். அந்த அம்மாள் வெள்ளத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் பார்த்தவர்களிடம் கேட்டு வளர்ந்தவர். பிள்ளைகள் எதிரே நோட்டும் பென்சிலுமாக உட்காரட்டும். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து மலையேறியது? எப்படி வந்தார்கள், நடந்தா, வண்டியிலா? லயத்தில் முதலில் விளக்கு எப்போது எரிந்தது? ஒரு சாயந்திரத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம், பாட்டி களைத்துவிடுவார். அவர் சொல்வது புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டாலும் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். எஸ்டேட் தமிழர்களின் கதை பெரும்பாலும் இப்படிப்பட்ட திண்ணைகளில்தான் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் அது போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு இது பெரிய கவலை. என் அம்மாவிடம் நான் கேட்காமல் விட்டவை இப்போது யாரிடமும் இல்லை.

மே மாதம் மலையில் கோடை மழை பிடித்துக்கொள்ளும். அப்போது தண்ணீர்ப் பாடம். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கும் டம்ளரை வெட்டவெளியில் வைத்து, மழை விட்டதும் ஸ்கேலை விட்டு அளந்தால் அதுதான் மழைமானி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். கூரை 20 சதுர மீட்டர், மழை 10 மில்லிமீட்டர் என்றால் 200 லிட்டர், பத்துப் பதினைந்து குடம். தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற கிழக்குச் சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஈர மண்ணைக் குவித்து மலைத்தொடர் செய்து, நடுவில் பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒரு வெட்டு விட்டு, சொம்பிலிருந்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். எங்கள் கூரை நீர் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் அரபிக்கடல் சேரும். மூணாறு நீர் முதிரப்புழையாறாக இறங்கிப் பெரியாற்றோடு அதே கடலுக்கு. ஆனால் மூணாறிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் மறையூர். அங்கே விழும் துளி பாம்பாற்றில் கிழக்கே ஓடி, அமராவதியாகிக் கரூர்ப் பக்கம் காவிரியில் கலந்து வங்காள விரிகுடாவுக்குப் போகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அதில் பவானி எங்கள் மாவட்டத்து அட்டப்பாடி வழியாக, பாம்பாறு மூணாறு இருக்கும் மாவட்டத்தில். மண் மேட்டின் முகட்டில் ஊற்றிய ஒரே கை நீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்கு ஓடுவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் கத்துவார்கள். திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். தண்ணீர் வீணாகிறதே என்று தடுக்காதீர்கள், செடி ஓரமாகச் செய்யச் சொல்லுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கரிம்பனை நிறைய, நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் கூந்தலில் (வெறும் காய்) இரண்டைக் குச்சியில் கோத்துக் கவைக்கோலால் தள்ளினால் வண்டி. கடை வண்டி வாங்கித் தராதீர்கள், அச்சாணி எப்படிச் சுழல்கிறது என்று அதில் தெரியாது. ஊர் வாசகசாலையில் பிள்ளைகளை உறுப்பினராக்குங்கள், தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் வேண்டுமென்று எழுதிக் கேளுங்கள். போனைப் பிடுங்கி வைக்க நான் சொல்லவில்லை. கொரோனாவின்போது, 2020 ஜூனில் விக்டர்ஸ் கல்விச் சேனலில் பாடம் தொடங்கிய காலத்தில் நாம்தான் அதைப் பிள்ளை கையில் கொடுத்தோம். குச்சிக்குப் பக்கத்தில் நேரம் பார்க்கவும், பாட்டி பேசுவதைப் பதிவு செய்யவும் அது உதவட்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஆறு, குளம், வாய்க்கால், தடுப்பணை எங்கும் பெரியவர் இல்லாமல் பிள்ளை இறங்கக்கூடாது. லீவு மாதங்களில் நம் பக்கம் வரும் துயரச் செய்திகளில் பல இப்படிப்பட்டவைதான். மலையில், வெளிச்சம் மங்கும் முன் லயத்துக்குள் வந்துவிட வேண்டும். படையப்பா யானையை மூணாறுப் பிள்ளைகள் செல்லமாகத்தான் பேசுகிறார்கள், ஆனாலும் அது காட்டு யானை. இடி இடித்தால் வெட்டவெளியில் மழைமானியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"இவ்வளவும் நான் சொல்லிக் குடுக்கணுமா பெரியம்மா? வேலை முடிஞ்சு வந்தா உட்காரக்கூட முடியலையே" என்றாள். சொல்லிக் கொடுக்க வேண்டாம் கண்ணு. சாயந்திரம் வந்து முகம் கழுவிவிட்டு, இன்னைக்கு நிழல் எத்தனைன்னு கேள். அவர்கள் சொல்லும்போது அரை மணி நேரம் உட்கார்ந்து கேள். நீ எடுத்த கொழுந்து எத்தனை கிலோ என்று நீயும் சொல். அதையும் நோட்டில் எழுதட்டும்.

மறுநாள் காலை அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். சின்னவன் பையில் எழுபது புளியங்கொட்டை. இரண்டு தடவை எண்ணிவிட்டான். பெரியவள் வாசலில் நட்டிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அதை பஸ்ஸில் கொண்டுபோக முடியுமா என்று. பேரன் உள்ளே போய்ச் சணலை ஸ்கேலோடு வைத்துச் சரியாக ஒரு மீட்டர் வெட்டிக்கொண்டு வந்தான்.

"அங்க எந்தக் குச்சி கிடைச்சாலும் இந்த அளவுக்கு வெட்டிக்கோ. பதினஞ்சாம் தேதி பன்னெண்டு இருபதுக்குப் போன் பண்ணு. உனக்குப் போயிருச்சுன்னா எனக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் இருக்கும்."

அவள் சணலைச் சுருட்டிப் பென்சில் டப்பாவுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.